வாசகர் கேள்வி – பதில்: கேளிக்கைப் பூங்காவும் காத்திருப்பு வரிசையும்

விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றியவை. அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் தம்பி எங்களை ஓகஸ்டில் வரச்சொல்லியிருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஐந்து. ஒரு நாள் டிஸ்னிலாண்டுக்குப் போவதாக இருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். காசு கட்டினால் நிற்காமல் போகலாமாம். கட்டலாமா?
— ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: காசு கட்டுவதைப் பிறகு பார்ப்போம், சகோதரி, முதலில் நாளைத் தெரிவுசெய்யுங்கள். பிரான்ஸில் கோடை விடுமுறை ஜூலைத் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நாடு முழுவதற்கும் ஒன்றாகவே வருவதால், அந்த மாதத்தில் கூட்டம் இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. சற்றுக் குறைந்த நாளைத்தான் தேட முடியும். சனிக்கிழமையைத் தவிருங்கள். நமக்கு மடுத் திருவிழா நாளாகிய ஓகஸ்ட் 15 அங்கும் அரச விடுமுறை என்பதால் அதையும் தவிருங்கள். நுழைவுச்சீட்டு நாள் குறித்தே விற்கப்படுகிறது. விலையும் நாளுக்கு நாள் வேறுபடும். கூட்டத்தை அதிகம் எதிர்பார்க்கும் நாளுக்குப் பூங்கா நிர்வாகமே விலையைக் கூட்டி வைப்பதால், அந்த விலை நாட்காட்டியைவிட நல்ல கூட்டக் கணிப்பு வேறில்லை. அதில் ஆகக் குறைந்த விலையுள்ள நாளைத் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். காசும் மிஞ்சும், காலும் தப்பும்.

ஆர்.ஈ.ஆர். ஏ வழித்தடத் தொடருந்து, மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி என்ற கடைசி நிலையத்தில் உங்களைப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். இறங்கியதும் பைகளைச் சோதிக்கும் இடம் வரும். அன்றைய முதல் வரிசை அதுதான். திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்பவருக்கும், ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து சேர்பவருக்கும் ஒரே சீட்டில் கிடைப்பவை இரண்டு வெவ்வேறு நாள்கள். டிஸ்னி விடுதிகளில் தங்குவோரை இன்னும் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். நம் வீடுகளில் பத்துப் பேர் ஒன்றாகப் புறப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆகவே, மாமி சேலை மாற்றி வரும்வரை எல்லோரும் காத்திராமல், சிறுவர்களும் இரண்டு பெரியவர்களும் முதல் தொடருந்தில் போய்விடட்டும்.

உள்ளே போனதும், பெயர் பெற்றதும் மெதுவாக ஆள் ஏற்றுவதுமான சவாரிகளை முதல் மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும். மகளின் வயதுக்குப் பொருத்தமான பீற்றர் பான் அந்த வகை: ஒவ்வொரு சிறிய கப்பலிலும் சிலரே அமரலாம் என்பதால் அதன் வரிசை நாள் முழுவதும் நீண்டே கிடக்கும். அது இருக்கும் ஃபன்ரசிலாண்ட் பகுதியை இரவு வாணவேடிக்கைக்காக மற்றப் பகுதிகளுக்கு முன்னதாகவே மூடிவிடுவதால், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கவும் முடியாது. கடற்கொள்ளையர் படகுச் சவாரியும், ஃபன்ரம் மனர் என்ற பேய்வீடும் அப்படியல்ல. பேய்வீட்டின் இருக்கைகள் நிற்காமல் நகர்ந்துகொண்டே ஆள்களை ஏற்றும். வாசலில் நூற்றுக்கணக்கானோர் நின்றாலும் அஞ்சவேண்டியதில்லை. அவற்றை நண்பகலுக்கு ஒதுக்குங்கள். பிற்பகலில் அணிவகுப்பு நடக்கும்போதும் சவாரிகளில் கூட்டம் சற்றுத் தளரும்.

புறப்படுவதற்கு முன், பிள்ளைகளைச் சப்பாத்துடன் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். பிக் தண்டர் மவுண்டனுக்கு 1.02 மீற்றர் உயரமும், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20 மீற்றர் உயரமும் வேண்டும். ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு அளவுகோலின் அடியில் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையை எந்த ஐஸ்கிரீமும் அடக்காது. மகளின் உயரம் போதாவிட்டாலும் மற்றவர்கள் ஏமாற வேண்டியதில்லை: ஒருவர் மகனுடன் சவாரி செய்ய, மற்றவர் மகளுடன் வெளியே நிற்கலாம்; பிறகு ஆள் மாறும்போது இரண்டாமவர் முழு வரிசையிலும் நிற்கத் தேவையில்லை. பேபி சுவிற்ச் என்று சொல்லிக் கேட்டால் ஊழியர்கள் வழிகாட்டுவார்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இனிக் காசு. டிஸ்னி பூங்காக்கள் 1999 முதல் ஃபாஸ்ற்பாஸ் என்ற பெயரில் இலவசமாகவே நேரச்சீட்டுக் கொடுத்து வந்தன. பாரிஸில் 2021 ஓகஸ்டிலிருந்து அதன் இடத்தைப் பிறிமியர் அக்செஸ் என்ற கட்டண முறை பிடித்துக்கொண்டது. ஒரு சவாரிக்கு, ஒரு தலைக்கு என்று கட்ட வேண்டும். தொகை நாளையும் சவாரியையும் பொறுத்து மாறும். நான்கு பேர் இரண்டு சவாரிக்குக் கட்டினால் எட்டுக் கட்டணம். யூரோவில் சம்பாதிக்கும் தம்பிக்கே அது கனக்கும். என் கருத்தில், காலையில் அதை வாங்குவது வீண். பிற்பகலில் பூங்காவின் செயலியைப் பார்த்து, மகன் உயிரை விடும் ஏதோ ஒன்றுக்கு மட்டும், அதில் ஏறக்கூடிய இருவருக்கு மட்டும் வாங்கலாம். தகப்பனும் மகனும் தனித்தனி இருக்கையில் அமரச் சம்மதித்தால், சில சவாரிகளில் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. வெற்றிடங்களை நிரப்புவதற்கான அந்த வரிசைக்கு மேலதிகக் கட்டணம் இல்லை.

கேள்வி: இத்தகைய பூங்காக்களுக்குப் போவதற்கு எந்தக் கிழமை நல்லது?
— மல்லாவி வாசகர்

பதில்: பாடசாலை நடக்கும் காலமானால் பாரிஸில் செவ்வாயும் வியாழனும். அங்கே புதன்கிழமைகளில் பல ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பு இல்லை என்பதால், நடுவாரம் என்று நம்பிப் புதனில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் போயாவும் ஞாயிறும் அல்லாத எந்த நாளும்.

கேள்வி: கனடாவில் சித்தப்பாவுடன் வொண்டர்லாண்டுக்குப் போயிருந்தேன். லெவியாதன் என்ற பெரிய ரோலர் கோஸ்ரருக்கு மிக நீண்ட வரிசை; ஆனால் விரைவாக நகர்ந்தது. தம்பி ஏறிய சின்னஞ்சிறு சவாரிக்கு அதில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லை. அதே அளவு நேரம் நின்றோம். இது எப்படி?
— உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர், வவுனியா

பதில்: விடையின் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வரிசையின் நீளத்தைப் பார்த்து அஞ்சக்கூடாது. அதில் நிற்போரின் எண்ணிக்கையை, சவாரி ஒரு மணித்தியாலத்தில் ஏற்றும் ஆள்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2012-இல் திறக்கப்பட்ட, 93 மீற்றர் உயரமுள்ள லெவியாதனின் ஒரு வண்டியில் 32 பேர் அமரலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மணித்தியாலத்துக்கு 30 வண்டி, 960 பேர். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றாலும் அரை மணித்தியாலம்தான். சிறுவர் சவாரியில் ஒரு தடவைக்கு 12 பேர், ஏற்றி இறக்கி முடிக்க நான்கு நிமிடம் என்று கொள்வோம்: மணித்தியாலத்துக்கு 180 பேர். முன்னால் 90 பேர் நின்றாலே அரை மணித்தியாலம் போய்விடும். வரிசையில் சேருமுன் சற்று ஒதுங்கி நின்று, ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் புறப்படுகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தால், அறிவிப்புப் பலகை சொல்லாததும் தெரியும். ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்களானால், அதே நீளமுள்ள வரிசை உங்களை வெகுநேரம் வைத்திருக்கும்.

வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை, ஓரலகு நேரத்தில் வந்து சேர்வோரின் எண்ணிக்கையைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பதை ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் கணித முறைப்படி நிறுவினார். நாம் மேலே வகுத்துப் பார்த்ததும் அதைத்தான். இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கட்டணம் செலுத்தியோரின் தனி வரிசையும் பொது வரிசையும் ஏறும் மேடையில் ஒன்றுசேர்கின்றன; வண்டியின் இருக்கைகளோ அதே எண்ணிக்கைதான். 2022-இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது நாட்டிலிருந்த பெற்றோல் ஒரு லீற்றரேனும் கூடவில்லை, நாள்கணக்கில் நிற்பதுதான் குறைந்தது. பூங்காவில் நேரச்சீட்டு விற்பதும் அதேதான், ஒரு வேறுபாட்டுடன்: இங்கே ஒருவருக்குக் குறையும் நிற்றல் மற்றவரின் தலையில் ஏறுகிறது. கட்டணம் செலுத்தியோருக்கு விடப்படும் ஒவ்வொரு இருக்கையும் பொது வரிசையிலிருந்து எடுக்கப்பட்டதே. அதனால், தனி வரிசை வழியாகப் பலர் போகும் நேரத்தில் நான் மேலே காட்டிய கணக்கில் 960-ஐ அப்படியே போடாமல் குறைத்துப் போடுங்கள்.

கேள்வி: அம்மா ரொறன்ரோவில் அண்ணாவிடம் போயிருக்கிறார். அண்ணா அவரையும் பேரப்பிள்ளைகளுடன் வொண்டர்லாண்டுக்குக் கூட்டிச்செல்ல விரும்புகிறார். செட்டிக்குள முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் நின்ற நாள்களுக்குப் பிறகு அம்மாவுக்கு வரிசை என்றாலே பிடிக்காது. முழங்கால் வலியும் உண்டு. வற்புறுத்தலாமா?
— ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: வரிசையில் நிற்க வற்புறுத்த வேண்டாம், பூங்காவுக்கு வர அழைக்கலாம். சவாரியில் ஏறாதவர் எந்தச் சவாரி வரிசையிலும் நிற்கத் தேவையில்லை. வாசலைக் கடந்ததும் வரும் இன்ரர்நஷனல் வீதியின் நீரூற்றுக்குப் பக்கத்தில், நிழலான ஓர் இருக்கையில் அம்மா அமர்ந்திருக்கட்டும். நடுவிலுள்ள செயற்கை மலையும் நீர்வீழ்ச்சியும் அங்கிருந்து தெரியும். பிள்ளைகள் இரண்டு சவாரிக்கு ஒருமுறை வந்து போகட்டும், ஒரு பெரியவர் மாறிமாறி அவருடன் இருக்கட்டும். ஓகஸ்டின் முதல் திங்கட்கிழமை ஒன்றாரியோவில் விடுமுறை என்பதால், அந்த வார இறுதியை அண்ணா தவிர்ப்பது நல்லது. நுழைவாயில் சோதனையில் நிற்பதுகூடக் கடினம் என்றால், நிற்க இயலாதோருக்கான ஏற்பாடுகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

கேள்வி: பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பூங்காக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல எண்ணுகிறோம். எப்போது போகலாம்?
— கிளிநொச்சி வாசகர்

பதில்: நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக ஓகஸ்டில் விடுமுறை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளோ ஜூனிலேயே பாடசாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த முரண் உங்களுக்கு வாய்த்த வரம். ஓகஸ்டின் வேலை நாள் ஒன்றில் போங்கள்; 15-ஆம் திகதிச் சுதந்திர தினத்தையும் விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாள்களையும் மட்டும் விடுங்கள். மே மாதத்தில் வெயிலும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்தே வரும். டிசெம்பரில் அரையாண்டு விடுமுறை தொடங்குமுன் கூட்டம் குறைவுதான், ஆனால் மழைக்காலம். காணும் பொங்கலன்று அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையிலிருந்து நாற்பத்தைந்து மாணவரைக் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கும், மறுநாள் ஹங்வெல்லையிலுள்ள லெஷர் வேர்ல்டுக்கும் அழைத்துச் செல்கிறோம். அன்றிரவே வன்னிக்குத் திரும்ப வேண்டும். நேரம் வீணாகாமல் எப்படி ஒழுங்குபடுத்துவது?
— ஓர் ஆசிரியை, முள்ளியவளை

பதில்: ஆசிரியர்கள் பொதுவாக மாணவரை வகுப்புவாரியாகப் பிரிப்பார்கள். பூங்காவில் உயரவாரியாகப் பிரியுங்கள், அம்மா. ஒரே வகுப்பில் குள்ளமானவரும் நெட்டையானவரும் கலந்திருந்தால், ஒருவருக்கு அனுமதி இல்லாத இடத்தில் எல்லோரும் நின்று விவாதிப்பார்கள். எட்டு ஒன்பது பேருக்கு ஒரு பெரியவர் என்று வைத்து, ஒவ்வொரு குழுவையும் பூங்காவின் வெவ்வேறு மூலையில் தொடங்கச் செய்யுங்கள். நாற்பத்தைந்து பேரும் ஒரே சவாரிக்கு ஓடினால், அங்கே நீண்ட வரிசையை உண்டாக்குபவர்கள் நீங்களேதான்.

வெயில் ஏறியதும் எல்லோரும் நீர் விளையாட்டுக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் மாணவர் தரைச் சவாரிகளில் இருக்கட்டும். காலையிலோ பிற்பகல் பிந்தியோ தண்ணீருக்குப் போகட்டும். மதிய உணவைப் பதினொன்றரைக்கே கொடுத்துவிடுங்கள், பன்னிரண்டரைக்கு உணவுச்சாலையில் நிற்பது இன்னொரு வரிசை. எவரும் கணக்கில் எடுக்காதது உடை மாற்றும் அறை: மாலையில் பல பேருந்துகளின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அங்கே குவிவார்கள். ஆகவே, பேருந்து ஐந்து மணிக்குப் புறப்படுவதானால், மூன்றரைக்கே அனைவரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றுங்கள். ஈர உடையுடன் ஏ-9 வீதியில் இரவு முழுவதும் வந்த பிள்ளைகளுக்கு மறுநாள் காய்ச்சல் என்றால், பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: ஒருவர் வரிசையில் நின்று இடம் பிடித்தால், மற்றவர்கள் பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளலாம்தானே?
— பரந்தன் வாசகர்

பதில்: பேருந்துச் சன்னலால் லேஞ்சியைப் போட்டு இருக்கை பிடிக்கும் பழக்கம் வெளிநாட்டுப் பூங்காவில் செல்லாது. வரிசையில் இடையில் நுழைபவரைப் பணம் திருப்பித் தராமலே வெளியேற்றும் விதி பல இடங்களில் எழுதியே ஒட்டப்பட்டிருக்கும். இடையில் வெளியே போய்த் திரும்பி வரவும் விடமாட்டார்கள். ஆகவே, தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிச்சென்று வந்த பிறகே எல்லோருமாகச் சேர்ந்து வரிசையில் நில்லுங்கள்.