கொண்டை ஊசி வளைவும் எட்டு சைக்கிளும்

கேள்வி: நாங்கள் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் எட்டுப் பேர். ஞாயிறு காலையில் பழவேற்காடு வரை சைக்கிளில் போய் வருவோம். அடுத்து ஏற்காடு போகலாம் என்று பேச்சு. யாருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. எட்டுப் பேரும் ஒன்றாகவே ஏறி இறங்க முடியுமா? பழகிப் பார்க்க இங்கே ஒரு மேடுகூட இல்லையே?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. ஆனால் ஒன்றாக ஏறும் ஆசையை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். பழவேற்காடு ரோட்டில் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாடு குறையும். மலையில் வேகமே மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர்தான். அங்கே இழுப்பது உங்கள் எடை, அதற்கு அடுத்தவர் முதுகு உதவாது. சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். எண்பது கிலோ ஆள் ஐம்பத்தைந்து கிலோ ஆளோடு போட்டி போட்டு மிதித்தால் மூன்றாவது வளைவிலேயே நாக்குத் தள்ளிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும், அது அவரவருக்கு வேறு வேறு. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை, ஒதுங்க இடமுள்ள இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கேதான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன: கடைசி ஆள் வந்து காலை ஊன்றியதுமே மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள், முதலில் வந்தவருக்குப் பதினைந்து நிமிஷ ஓய்வு, களைத்து வந்தவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் தண்ணீர் குடித்து, கடலைமிட்டாய் தின்று, அவர் வாயால் "போலாம்" என்று சொன்ன பிறகுதான் மற்ற ஏழு பேரும் பெடலில் கால் வைக்க வேண்டும்.

பயிற்சிக்குக் காற்று இருக்கிறது. கோடையில் பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது தெற்கத்திக் காற்று முகத்தில் அடிக்குமே, அதில் ஒரு மணி நேரம் சீட்டை விட்டு எழாமல் மிதியுங்கள். மீஞ்சூர் வரை போதும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒருநாள் திருத்தணி போய்க் கோயில் மலைப்பாதையில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், கிருத்திகை அன்று மட்டும் போகாதீர்கள். பின்சக்கரப் பெரிய கியர் 32 அல்லது 34 பல்லாவது இருக்கட்டும்.

என் பயமெல்லாம் இறக்கத்தில்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தித் திரும்புங்கள். ஏறி வரும் பஸ்ஸுக்கு முழு வளைவும் தேவைப்படும், மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, எனவே நின்று விடுங்கள். கிளம்பும் முன் பிரேக் கட்டை புதிதாக மாற்றியாக வேண்டும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் குளிர் நெஞ்சில் ஏறும், உச்சியில் ஒரு நியூஸ்பேப்பரை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்கள் வெகுகாலமாகச் செய்வது இது.

கேள்வி: வயது 52. மகள் குழுவோடு ஏலகிரி கூப்பிடுகிறாள். என்னிடம் இருப்பது கியர் இல்லாத பழைய சைக்கிள். போகலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: போங்கள் ஐயா, அந்த சைக்கிளில் வேண்டாம். ஏறுவதைவிட, கம்பி பிரேக்கோடு 14 வளைவு இறங்குவது ஆபத்து. கியர் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பழகுங்கள், அதற்கு முன் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டிவிடுங்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், மகள் காத்திருப்பாள்.