கையால் தோல் பை செய்பவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? புதுப்புது வடிவங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? ஒரே வேலை சலித்துப்போகாதா?

பதினோரு வருடமாகத் தோல் பை தைக்கிறேன். தனி ஆள், மெஷின் கிடையாது. அதனால் என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

வடிவம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் விஷயத்தில் பாதிக்கு மேல் பிய்ந்துபோய்த் திரும்பி வந்த பைகளிலிருந்துதான்.

தொழில் தொடங்கிய மூன்றாவது வருடம் ஒரு தோள்பை கொடுத்திருந்தேன். எட்டே மாதத்தில் அதை வாங்கியவர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் பிய்ந்திருந்தது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், நூல் அப்படியே இருந்தது. கிழிந்தது தோல். ஊசித் துளைகளின் வரிசையிலேயே, தபால்தலைத் தாளைக் கிழித்த மாதிரி நேர்க்கோட்டில் கிழிந்திருந்தது.

தப்பு இரண்டு. நெருக்கமான தையல் பார்க்க அழகாக இருக்கும் என்று, அந்தத் தடித்த நூலுக்குத் துளைகளை மிகவும் நெருக்கிப் போட்டிருந்தேன், அதுவும் பாரம் இழுக்கும் திசைக்குக் குறுக்கே. இரண்டாவது, மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பட்டையை வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டியிருந்தேன். முதுகுப் பக்கம் நார் இறுகி இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீண்டுகொடுக்கும். பட்டைக்கு ஆகவே ஆகாது.

அவருக்கு வேறு பை செய்து கொடுத்தேன். இந்த முறை பட்டையை மேல்விளிம்போடு நிறுத்தாமல், பையின் இரண்டு பக்கமும் இறக்கி, அடிப்பாகத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். பாரம் ஒரு தையல் வரியில் தொங்காமல் பட்டை முழுக்கப் பரவியது. இன்றைக்கு அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் "இது உங்கள் பைதானே?" என்று கேட்கிறார்கள். எனக்கென்று ஒரு பாணி இருப்பதாக யாராவது சொன்னால் அந்தக் கிழிசல்தான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், தோலும் நம்மை இஷ்டத்துக்கு விடாது. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரித் தாவரச் சாறுகளில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். பழைய முறையில் அதைப் பதனிட வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் மரக்கட்டை மாதிரி வழவழப்பாகும். பெட்டி மாதிரியான பைக்கு அதுதான் சரி. குரோம் உப்பில் பதனிட்டதோ ஓரிரு நாளில் தயாராகிவிடும், துணி போல மென்மையாக விழும். ஆனால் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது. மடித்துத் தைக்க வேண்டும், இல்லை சாயம் பூச வேண்டும். ஆரம்பத்தில் நோட்டில் வரைந்துவிட்டு அதற்கேற்ற தோலைத் தேடி அலைவேன். இப்போது தோலைத் தரையில் விரித்துவிட்டு அதைச் சுற்றி நடக்கிறேன். கையில் அட்டை வடிவங்கள். எங்கே முள் கீறிய தழும்பு, எங்கே பூச்சி கடித்த புள்ளி, எங்கே நரம்போடிய தடம் என்று பார்த்து அட்டைகளை நகர்த்தி நகர்த்தி வைப்பேன். சில நாள் அரைப்பொழுது இதிலேயே போய்விடும். வேடிக்கை பார்ப்பவருக்கு நான் சும்மா நிற்பது போல இருக்கும். என்னைக் கேட்டால், படைப்பு என்று சொல்லக்கூடிய வேலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒருமுறை நீளமான தழும்பு ஒன்றை ஒதுக்காமல், மூடியின் குறுக்கே வரும்படி வேண்டுமென்றே வெட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், ஒருவர் அதற்காகவே வாங்கினார்.

சலிப்பு பற்றி: தைக்கும்போது சலிக்கும், உண்மைதான். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு நூல் வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூச வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறதோ கடைசி வரை அதுதான் முதலில் போக வேண்டும். நடுவில் கவனம் சிதறி மாறிவிட்டால் தையலின் சாய்வு மாறி, அந்த ஒரு தையல் மட்டும் தனியாகக் கண்ணில் குத்தும். ஏன் இவ்வளவு பாடு என்றால், மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும், ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து இழை பிடித்துக்கொள்ளும். ஒரு நடுத்தரப் பைக்கு எனக்கு இருபது மணி நேரம் பிடிக்கிறது. ரேடியோ இல்லாமல் என்னால் முடியாது.

விபத்தும் சில சமயம் கைகொடுக்கும். ஒருநாள் பட்டறையில் இரும்பை அரத்தால் ராவிவிட்டு மேஜையைச் சரியாகத் துடைக்கவில்லை. அதன்மேல் ஈரத் தோலை விரித்துவிட்டேன். தாவர முறையில் பதனிட்ட தோல். கொஞ்ச நேரத்தில் மிளகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். இரும்பும், தாவரச் சாற்றிலிருந்து தோலில் ஏறியிருக்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் கறுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேய்த்தேன், கழுவினேன், போகவில்லை. கடைசியில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை முழுத் தோலுக்கும் பூசினேன். புள்ளிகள் மறைந்து மொத்தமும் கறுப்பாகிவிட்டது. அது மேலே பூசிய சாயம் மாதிரி இல்லை, தோலே கறுத்தது. இன்றுவரை கறுப்புப் பைகளை அப்படித்தான் செய்கிறேன்.

பிடிக்காத பகுதியும் உண்டு. ஏதாவது பெரிய பிராண்டின் படத்தை அனுப்பி "அச்சு அசல் இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். போகட்டும்.

இதை எழுதும்போது மேஜையில் ஒரு பழைய பை கிடக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் செய்தது, ஓரம் தேய்ந்து பழுதுக்கு வந்திருக்கிறது. கொடுக்கும்போது வெளிர் நிறம், இப்போது வெயிலும் கையெண்ணெயும் பட்டு நன்றாகப் பழுப்பேறிவிட்டது. மூடியின் பட்டையில் ஐந்து துளை போட்டிருந்தேன். நான்கு அன்று குத்தியபடியே வட்டமாக இருக்கின்றன. மூன்றாவது மட்டும் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கிறது. ஆறு வருடமும் அந்த ஒரு துளையில்தான் மாட்டியிருக்கிறார். அடுத்த பைக்கு ஒரே துளை போட்டு, பக்கிளை எடுத்துவிட்டுப் பித்தளைக் குமிழ் ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.