பழைய வண்டிக்கு மூன்றாவது பிரேக் விளக்கு: கல்லடி கராஜிலிருந்து பதில்கள்

ஏறாவூர்: பழைய ஹயேஸ் வானின் பின்கண்ணாடியில் இன்னொரு பிரேக் விளக்குப் போட்டால் பயன் உண்டா? வயரை எங்கே எடுப்பது?

உண்டு. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். உயரத்தில் இருப்பதால் இரண்டு வண்டி தள்ளி வருபவருக்கும் தெரியும். எல்இடியே போடுங்கள், இழை பல்ப் சூடேறி எரிவதற்கு ஏறத்தாழ 0.2 வினாடி முன்பே எரிந்துவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அது 3 மீற்றருக்கு மேல். பிரேக் பெடல் சுவிட்சிலிருந்து பின்னால் போகும் வயரில் எடுங்கள். இரண்டு 21 வாட் பல்ப்களும் சேர்ந்து மூன்றரை அம்பியர் இழுக்கும். எல்இடிக்கு அதில் சிறு பங்குதான், பியூசைப் பெரிதாக்க வேண்டாம். எர்த்தை (மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்பும் வயரை) மட்டும் பெயின்ற் சுரண்டிய தகரத்தில் இறுக்கிக் கிறீஸ் பூசுங்கள். நமக்குக் கடல் காற்று.

வாழைச்சேனை: ஹெட்லைட் போட்டதும், பிரேக்கைத் தொடாமலே புதிய எல்இடி மங்கலாக எரிகிறது. பழுதா?

எல்இடி நல்லது, தம்பி. பழைய பின்விளக்குகள் இரண்டின் எர்த்தும் போய்விட்டது. ஹெட்லைட்டோடு எரியும் 5 வாட் இழைக்குப் போன மின்சாரம் வெளியேற வழியில்லாமல், அதே பல்பின் 21 வாட் இழை வழியாகப் பிரேக் வயருக்கு ஏறி, உங்கள் புதிய விளக்கின் நல்ல எர்த்தைத் தேடி வருகிறது. பல்பைக் கழற்றிப் பாருங்கள், ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

காத்தான்குடி: வாப்பாவின் மொரிஸ் மைனரில் எல்இடி எரியவே இல்லை.

நானா, அந்தக் காரில் பற்றரியின் பிளஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும், யாரும் மாற்றாதிருந்தால். இழை பல்புக்குத் திசை இல்லை, எல்இடிக்கு உண்டு. சிவப்பு வயரை உடம்பிலும் கறுப்பைப் பிரேக் வயரிலும் கொடுங்கள். விளக்கின் கூடு உலோகமென்றால் கீழே இரப்பர் வையுங்கள். பிரேக் வயர் பச்சையில் ஊதா வரி போட்டது; அறுபது வருட அழுக்கில் இரண்டும் ஒரே நிறம்தான், ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். இன்னொன்று: பழைய பிரித்தானியக் கார்கள் சிலவற்றில் பிரேக் பல்பே சிக்னலாகவும் மின்னும். பல்ப் அருகே வயர் எடுத்தால் புதிய விளக்கும் சேர்ந்து மின்னும். சுவிட்ச் பக்கமே எடுங்கள். வாப்பாவின் காரை விற்றுவிடாதீர்கள்.

கல்முனை: மின்னுகிற பிரேக் விளக்கு நல்லதா?

இல்லை.

களுவாஞ்சிகுடி: ஏன் இல்லை? மின்னினால்தானே கண்ணில் படும்? ஐயா பழைய காலத்து ஆள்.

பழைய காலத்து ஆள்தான். மார்கழி மழையில், இருட்டில், முன்னால் சிவப்பு மின்னினால் அது திரும்புகிறதா, பழுதாகி நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா? யோசிக்கும் நேரத்தில் நீங்கள் அதன் டிக்கியில்.

கல்முனை: மூன்று தடவை மின்னிவிட்டு நிலையாக எரிகிறதும் இருக்கிறதே?

அணைந்திருக்கும் நொடியில் நான் பார்த்தால்? பிரேக் என்றால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். கடையில் அழகாக இருக்கிறது என்று நீல விளக்குப் போட்டவர்களும் இதே வாதத்தோடுதான் வந்தார்கள்.

செங்கலடி: உழவு இயந்திரப் பெட்டிக்கு?

முதலில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுங்கள். வேளாண்மை வெட்டும் காலத்தில் விளக்கே இல்லாத பெட்டிகள்தான் எனக்குப் பயம்.

அக்கரைப்பற்று: வயரை எங்கே எடுப்பது?

முதல் பதில்.

ஓட்டமாவடி: வயரை முறுக்கி ரேப் சுற்றினால் போதாதா?

போதாது. ஈயம் வைத்து ஒட்டுங்கள். எர்த்தையும் பார்த்தீர்களா?