கேள்வி–பதில்: வாடகை அறைக்கு, யானைக்கு அல்ல

விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காட்டு விடுதிகளைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மசினகுடியில் இரண்டு இரவு, நான்கு பேருக்கு ‘சஃபாரி உட்பட’ என்ற விளம்பரத்தை நம்பி 24,000 ரூபாய் கட்டினோம். விடுதி ஜீப்பில் ஏற்றி மாயாறு சாலையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, இதுதான் சஃபாரி என்றார்கள். மான்களைப் பார்த்தோம். "இதை வரும்போது பஸ்ஸிலேயே பார்த்தோமே" என்கிறார் மாமியார். – வாசகி, திருப்பூர்

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. மசினகுடியை ஒட்டிய முதுமலைக் காட்டில் சஃபாரி என்பது வனத்துறையின் ஏற்பாடு. தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி, அவர்கள் காட்டும் வண்டியில் ஏற வேண்டும். யார் வேண்டுமானாலும் போகக்கூடிய சாலையில் ஓட்டிக் காட்டியதற்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்பது ஏமாற்று வேலை.

விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, விடுதியோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், எதையும் அழித்துவிடாதீர்கள். விடுதிக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பிப் பதினைந்து நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். நீலகிரிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, ஆனால் ஆறப்போடாதீர்கள். தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள் என்பதால் முழுத் தொகையையும் கேட்காமல், சஃபாரிக்கு உரிய பங்கையும் மன உளைச்சலுக்கு நஷ்டஈட்டையும் கேளுங்கள். நியாயமான தொகை கேட்பவரின் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: மூன்று முறை சஃபாரி போயும் புலி கண்ணில் படவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: முடியாது. புலி யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை.

கேள்வி: நாங்கள் போகவிருக்கும் விடுதியில் ‘நைட் சஃபாரி’ உண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மேல், தலைக்கு 1,500 ரூபாய், ரசீது கிடையாது. பிள்ளைகள் துடிக்கிறார்கள். போகலாமா? – வாசகர், சென்னை

பதில்: கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள்: ரசீது கிடையாது.

இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை முதுமலை, பந்திப்பூர் சாலைகளில் வாகனங்களுக்கே தடை. வெளியூர் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவைக்கிறார்கள். உங்கள் ஜீப்புக்கு மட்டும் யார் அனுமதி கொடுத்தது? அனுமதியின்றி வனத்துக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் ஓட்டுநரோடு சேர்ந்து நீங்களும் ரேஞ்சர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "எங்களுக்கு எல்லாரையும் தெரியும்" என்று பணம் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். டார்ச் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, ஹாரன் ஒலித்து, குட்டியோடு நிற்கும் யானையை மிரட்டி எடுக்கும் படத்துக்குத்தான் அந்த 1,500 ரூபாய். யானை திரும்பினால் திறந்த ஜீப்பில் இருப்பது உங்கள் பிள்ளைகள்.

2021 ஜனவரியில் இதே மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். டயர் காதில் சிக்கியபடி அது ஓடிய காட்சியை நாடே பார்த்தது. யானை இறந்துபோனது. விலங்கைப் பார்க்கத்தான் விருந்தாளிகள் வருகிறார்கள், அந்த விலங்கு வாசலுக்கு வந்தால் நெருப்பு. இப்படிப்பட்ட இடங்களுக்கு நம் வார இறுதிப் பணம்தான் தீனி.

ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன் விடுதியின் உரிமத்தைக் கேளுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைக்கப்பட்டது; 2020 அக்டோபரில் வழித்தடத்தையும் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ‘காட்டுக்கு நடுவே’ என்று விளம்பரம் செய்யும் விடுதி உண்மையிலேயே நடுவில் இருந்தால், கவலைப்பட வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: காட்டுக்குப் போவதற்காக இணையத்தில் ‘30x60, இரவிலும் தெரியும்’ என்ற பைனாகுலரை 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். பகலிலேயே மங்கலாகத் தெரிகிறது. – வாசகர், மதுரை

பதில்: முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பிள்ளையின் பள்ளி ஸ்கேலை எடுத்து முன்கண்ணாடியை அளந்து பாருங்கள். அறுபது இருக்காது, பாதி இருந்தாலே அதிகம். ஸ்கேலோடு ஒரு படம் எடுத்து, விவரம் பொய் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். இணைய வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

உண்மையாகவே முப்பது மடங்கு என்றாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது; படம் ஆடும். 8x42 போதும், பிள்ளைகளின் கழுத்துக்கு 8x30. கண்ணாடி சிவப்பாக மின்னினால் வாங்கவே வேண்டாம். என் அலமாரியில் அப்படி ஒன்று கிடக்கிறது. டாப்ஸ்லிப்பில் சாயங்காலம் அதில் பார்த்த காட்டெருமையும் பாறையும் ஒரே பச்சை நிறம்.

கேள்வி: அரசு வன விடுதி என்று தேடியபோது கிடைத்த எண்ணில் பேசி, 8,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நேற்றுத்தான் அனுப்பினேன். – வாசகர், கோவை

பதில்: இதைப் படிக்கும்வரை காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், தபால் வந்ததுமே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக: உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்கினால்தான் உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் போகும் கணக்கில் தனி ஆளின் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் மேல் தவறில்லை. முத்திரை, யானைப் படம், அரசு பாணித் தமிழ் என்று அந்தப் பக்கத்தை அவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு 6,800 ரூபாய் அறை. கடந்த டிசம்பரில் தங்கியதற்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். கூடவே ‘வனப் பாதுகாப்புக் கட்டணம்’ தலைக்கு 200. சரியா? – வாசகி, ஈரோடு

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம்தான். மீதியைக் கேளுங்கள். அந்த 200 ரூபாய்க்கு அரசு ரசீது கேளுங்கள். தர மாட்டார்கள், ஏனென்றால் அது வனத்துக்குப் போவதில்லை.

கேள்வி: மசினகுடி விடுதிக்குப் போகத் திருச்சியிலிருந்து கிளம்பி, இரவு 9.40க்கு முதுமலைக்குள் நுழையும் தொரப்பள்ளி சாவடிக்கு வந்தோம். விடவில்லை. கூடலூரில் அறை தேடித் தங்கினோம். முதல் நாள் வாடகையை விடுதி திருப்பித் தர மறுக்கிறது. – வாசகர், திருச்சி

பதில்: ஏன் தர வேண்டும்? சாவடி ஒன்பது மணிக்கு மூடும் என்று விடுதி அனுப்பிய செய்தியை நீங்களே கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள். படித்தீர்களா? அடுத்த முறை, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மசினகுடியும் நீலகிரி மாவட்டம்தான்.

கேள்வி: கூடாரத்தில் இரவெல்லாம் மழை ஒழுகியது. படுக்கை நனைந்து குழந்தைக்குக் காய்ச்சல். "காட்டு அனுபவம் என்றால் அப்படித்தான்" என்கிறார் மேலாளர். – வாசகி, நாகர்கோவில்

பதில்: காட்டு அனுபவத்துக்கு ஓர் இரவுக்கு 5,500 ரூபாய் வாங்கியவர், தார்ப்பாய்க்கு நூறு செலவழித்திருக்கலாம். ஒழுகும் கூடாரம் சேவைக் குறைபாடு. ஈரப் படுக்கையின் படம், மருத்துவச் சீட்டு, மருந்து பில் மூன்றையும் சேர்த்து, திருப்பூர் வாசகிக்குச் சொன்ன வழியில் போங்கள். நீங்கள் முழு வாடகையையும் கேட்கலாம்.

கேள்வி: மின்சாரத்தில் செருகினால் ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் கருவி விளம்பரத்தில் வருகிறது. காட்டு விடுதிக்கு எடுத்துப் போகலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். கொசுவலை இருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள்.