தன்னார்வத் துறை என்றால் என்ன? அதில் எப்படிச் சேர்வது?

அரசின் அங்கமாகவும் இல்லாமல், இலாபத்துக்காகவும் நடத்தப்படாமல், பொதுநலனுக்காக மக்களே கூடி நடத்தும் அமைப்புகளின் தொகுதியே தன்னார்வத் துறை.

இது தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. சந்தை பணம் கொடுக்கக் கூடியவரையே கவனிக்கிறது. அரசின் திட்டங்களோ பெரும்பான்மையினரை மனத்தில் வைத்தே வகுக்கப்படுகின்றன. அவ்விரண்டும் செங்கற்கள் என்றால், இடைவெளியை நிரப்பும் சாந்து இத்துறை. 1859இல் வட இத்தாலியில் நடந்த சோல்பெரினோ போரில் காயமுற்ற ஆயிரக்கணக்கானோரைப் படை மருத்துவர்களால் கவனிக்க இயலாதபோது, சுவிட்சர்லாந்து வணிகரான ஹென்றி டுனான்ட் அருகிலிருந்த ஊர்மக்களைத் திரட்டி இரு தரப்பு வீரர்களுக்கும் உதவினார். அந்த அனுபவத்திலிருந்தே 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

சேர விரும்புவோர் முதலில் அமைப்பின் பதிவு விவரத்தையும் ஆண்டுக் கணக்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நல்ல அமைப்பு அவற்றைத் தயங்காமல் காட்டும். குழந்தைகளுடன் பழகும் பணிக்கு உங்கள் பின்னணியை விசாரித்தால் வருந்தாதீர்கள், அது பொறுப்பின் அடையாளம். வாரம் இரண்டு மணி நேரம் தவறாமல் வந்து கணக்கு எழுதித் தருபவர், ஒருநாள் உற்சாகத்தோடு வந்து மறைபவரைவிட மிகவும் பயன்படுவார் என்பது என் உறுதியான கருத்து.

இலாப நோக்கமற்ற அமைப்பில் யாருக்கும் ஊதியமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பணியாளருக்குச் சம்பளம் தரலாம், மிஞ்சும் பணத்தை நடத்துபவர்கள் பங்கிட்டுக்கொள்வதே கூடாது.