படிப்பவர்களே அதிகம், ஆனாலும் ரீடர்-ரைட்டர் பூட்டில் நெரிசல் ஏன்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சேர்க்கும் உங்கள் மாட்யூலில் உள்ள ஓர் அட்டவணையைப் பெரும்பாலும் படிக்கத்தான் செய்கிறீர்கள், எழுதுவது அபூர்வம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே விடும் ஸ்பின்லாக்கை எடுத்துவிட்டு, படிப்பவர்கள் பலரை ஒன்றாகவும் எழுதுபவரைத் தனியாகவும் விடும் ரீடர்-ரைட்டர் பூட்டைப் போட்ட பிறகும் செயலியின் கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாலக்காட்டை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில், நாங்கள் வாயனசாலை என்றே சொல்லிப் பழகிய வாசகசாலை ஒன்று உண்டு. தமிழ், மலையாளப் பத்திரிகைகளை நீள மேசையில் விரித்து வைத்திருப்பார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று படித்தாலும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லை. ஆனால் வரும்போதும் போகும்போதும் வாசலில் உள்ள பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பேனாவும் ஒன்று. காலையில் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்பது அந்த நோட்டின் முன்னால்தான்.

உங்கள் பூட்டிலும் இதுவே நடக்கிறது. படிக்க வரும் கோர், பூட்டுக்குள் இருக்கும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத்தான் நுழைகிறது, குறைத்துவிட்டுத்தான் வெளியேறுகிறது. அட்டவணையைத் தொடாவிட்டாலும் பூட்டின் மீது அது எழுதத்தான் செய்கிறது. எக்ஸ்86 செயலிகளில் அந்த எண்ணிக்கை அமர்ந்திருக்கும் 64 பைட் கேச் லைனை (கோர் தன்னருகே நகலெடுத்து வைக்கும் நினைவகத் துண்டை) ஒரு கோர் மாற்றியவுடன் மற்ற கோர்களிடம் உள்ள நகல்கள் செல்லாமல் போவதால், எழுதுபவர் ஒருவர்கூட இல்லாத நேரத்திலும் அந்த லைன் கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருக்கிறது. பூட்டுக்குள் செய்யும் வேலை சிறியதாக இருந்தால் வேலையைவிட அலைச்சலே பெரிதாகிவிடும். லினக்ஸ் 3.16இல் (2014) வந்த வரிசை முறை ரீடர்-ரைட்டர் பூட்டு, காத்திருப்பவர்களை முறையாக நிற்க வைத்தது. நோட்டு அப்போதும் ஒன்றுதான்.

என் அட்டவணை நெட்வொர்க் பேக்கெட்டுகளுக்கான இணைப்பு விவரங்களை வைத்திருந்தது. நான்கு கோர் மடிக்கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. 32 கோர் சர்வரில், எந்தச் செயற்கூறு அதிக நேரம் எடுக்கிறது என்று காட்டும் 'பெர்ஃப் டாப்' திரையின் முதல் வரியிலேயே பூட்டுக்காகக் காத்திருக்கும் செயற்கூறு வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் கண்ணில் பட்டது என் சொந்தச் சோம்பேறித்தனம்: எழுதும் பகுதியில் பூட்டைப் பிடித்துக்கொண்டே நினைவகம் ஒதுக்கியிருந்தேன், போதாக்குறைக்கு கெர்னல் பதிவில் செய்தி எழுதும் 'பிரின்ட்கே' வரி ஒன்றும் இருந்தது. இரண்டையும் வெளியே தள்ளியதில் எழுதுபவருக்காக மற்றவர்கள் நிற்கும் நேரம் குறைந்தது. படிப்பவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வது அப்படியே இருந்தது.

அட்டவணையைச் சிறு பிரிவுகளாக்கி, ஹாஷ் பக்கெட் எனப்படும் அந்தப் பிரிவுக்கு ஒரு பூட்டு என்று வைப்பது எளிது. ஆனால் எல்லோரும் ஒரே பக்கெட்டையே தேடினால் பயனில்லை. லினக்ஸ் 6.4இல் (2023) பேஜ் ஃபால்ட் (நிரல் தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாதபோது கெர்னல் தலையிடுவது) நெரிசலைக் குறைக்க, ஒரு புராசஸின் முழு முகவரி வெளிக்கும் ஒன்றாக இருந்த பூட்டுக்குத் துணையாக ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனிப் பூட்டு கொண்டுவந்ததும் இந்த வழிதான். பெர்-சிபியு ரீடர்-ரைட்டர் செமாஃபோர், கோருக்கு ஒரு நோட்டு வைப்பதைப் போன்றது: படிப்பவருக்குச் சுகம், எழுதுபவருக்கு எல்லா நோட்டையும் பார்த்து முடிக்கும் வரை தண்டனை. அது காத்திருப்பவரைத் தூங்க வைக்கும் பூட்டு; தூங்கக் கூடாத என் பேக்கெட் வழியில் அது உதவவில்லை. படிக்கும் நடுவே மதிப்பு மாறினால் மீண்டும் படிக்க வைக்கும் சீக்லாக், நேரம் போன்ற சிறு மதிப்புகளுக்கு நல்லது; பாயின்டர்களை (தரவு இருக்கும் முகவரிகளை) பின்தொடர வேண்டிய அட்டவணைக்கு ஆகாது.

கடைசியில் 2002இல் லினக்ஸுக்குள் வந்த ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்) முறைக்கு மாறினேன். இதில் நோட்டே கிடையாது. ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் பணியை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓடவிடுவது) இல்லாத கெர்னலில் படிப்பவரின் நுழைவு ஓர் இயந்திரக் கட்டளையாகக்கூட மாறுவதில்லை. எழுதுபவர் புதிய நகலைத் தயாரித்து, பாயின்டரை மாற்றி, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் வெளியேறிய பிறகே அதை விடுவிக்க வேண்டும். நானோ ஓரிடத்தில், அப்படிக் காத்திருந்து விடுவிக்கும் 'கேஃப்ரீ_ஆர்சியு' என்பதற்குப் பதிலாக உடனே விடுவித்துவிடும் வெறும் 'கேஃப்ரீ' எழுதிவிட்டேன்; சோதனை சர்வர் மூன்று இரவுகள் காரணம் சொல்லாமல் விழுந்தது, நான்காம் நாள் கெர்னலின் நினைவகப் பிழை கண்டுபிடிக்கும் கருவியான 'கேசான்' போட்டுப் பார்த்தபோதுதான் விடுவித்த நினைவகத்தைத் தொடுவது வெளிப்பட்டது.

ஆகவே மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்: படிப்பவர் சற்றுப் பழைய விவரத்தைப் பார்த்தால் உங்கள் மாட்யூல் தாங்குமா, படிக்கும் வழியில் எங்காவது தூங்கும் அழைப்பு இருக்கிறதா. இரண்டாவது இருந்தால் சாதாரண ஆர்சியு கூடாது, படிப்பவரைத் தூங்க அனுமதிக்கும் எஸ்ஆர்சியு வேண்டும். எழுதுபவர்கள் பலராக இருந்தால் அவர்களுக்குள் ஒரு ஸ்பின்லாக் எப்படியும் தேவை. அதையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள்.