78 லில் ரெட் எக்ஸ்பிரஸா, 79ஆ?

நண்பரே, விலை கூடுதலான 1978 டாட்ஜ் லில் ரெட் எக்ஸ்பிரஸ் பிக்கப் வண்டியா, மலிவாக வரும் 1979ஆ என்று கேட்டிருந்தீர்கள், என் ஓட்டு 78க்குத்தான். 360 கன அங்குல வி8 எஞ்சின், 225 குதிரைத்திறன், அதோடு சரக்கோடு சேர்த்த எடை வகுப்பு 6,000 பவுண்டைத் தாண்டியதால், அன்றைய அமெரிக்க விதிப்படி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாமலே விற்க முடிந்தது, அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றை விட்டுப் பறந்த வண்டி. 79இல் கன்வர்ட்டர் வந்துவிட்டது. கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு குரோம் புகைக்குழாய்களும் காதருகிலேயே உறுமும், அதற்காகவே வாங்கலாம்! சரி, நேரில் போனால் முகப்பு விளக்கைப் பாருங்கள்: 78க்குப் பக்கத்துக்கு ஒரு வட்ட விளக்கு, 79க்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் செவ்வக விளக்குகள். அப்புறம் பின்தொட்டியின் பக்கங்களில் பதித்த ஓக் மரப் பலகைக்குப் பின்னால் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பலகையைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், தகரம் அரித்திருந்தால் செலவு எகிறிவிடும்.